"பிரதர்" என்று அழைக்கப்பட்ட ஒரு குடும்பத் தலைவர்



சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு முதிய ஆசிரியர் இயற்கை எய்தினார். அகவை எண்பதைக் கடந்தவர். அவருடைய அடக்கத் திருப்பலிக்காக அச்சிடப்படும் சிறு மடிப்பேட்டில் இடம்பெற வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தருமாறு அவர்தம் மகள் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் கத்தோலிக்கன் அல்லன், சைவன். ஆயினும், சிறு வயதில் அவரிடம் படித்தவன். பின்னாளில் அவருக்கே தமிழ் எழுதக் கற்பித்தவன். ஆகவே மறுக்க மனம் வரவில்லை.

அன்றிரவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்று வரிகள் இப்படி அமைந்திருந்தன. அவர் தமது பதினாறாம் வயதில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அருட்சகோதரராக இருந்து பல ஊர்களில் ஆசிரியப் பணியாற்றினார். பின்னர் முறைப்படி விடுதலை பெற்று இல்லறம் ஏற்றார். இவ்வளவுதான். புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை.

மறுநாள் காலையில் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்த மூன்று வரி மட்டும் வேண்டாமே. வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். துயர வீட்டில் வாதம் செய்யக்கூடாது என்று எண்ணி நானும் நீக்கிவிட்டேன். அச்சாகி வந்த ஏட்டில், அவர் பிறந்தார். பிறகு நாற்பது வயதில் திருமணம் செய்துகொண்டார். இடையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அந்த மூன்று வரிகளை நீக்கியது தவறு என்று இப்போது கருதுகிறேன். அந்தத் தவறில் என் பங்கே பெரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் விருப்பத்தை மதித்து அவர் பெயரையும், அவர் இருந்த சபையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஒரு நல்லாசிரியரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுத வேண்டியிருப்பதே நான் சொல்லவரும் செய்திக்குப் போதிய சான்று அல்லவா?

அருட்சகோதரர் என்பவர் யார்?

நம்மவரில் பலருக்கு, குறிப்பாகக் கிறித்தவர் அல்லாத தமிழருக்கு, வெள்ளை அங்கி அணிந்த அனைவரும் 'பாதிரியார்'தாம். உண்மையில் இங்கே இருவகையினர் உள்ளனர். திருப்பலி நிறைவேற்றுபவர் குரு. நாம் 'ஃபாதர்' என்று அழைப்பது அவரைத்தான். அருட்சகோதரர், அதாவது 'பிரதர்', குருப்பட்டம் பெறாதவர். அவர் திருப்பலி நிறைவேற்றுவதில்லை, பாவமன்னிப்பு வழங்குவதில்லை. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வாக்குறுதிகளை ஏற்று, சகத் துறவியரோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்து, சபை இடும் பணியைச் செய்பவர். மலேசியாவில் அந்தப் பணி பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான்.

இந்நாட்டில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு தெ லா சால் சகோதரர்கள். பிரான்சு நாட்டின் ரெயிம்ஸ் நகரில் பிறந்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651–1719) ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகத் தொடங்கிய சபை அது. தாமே ஒரு குருவாக இருந்தும், தம் சபையினர் குருமாராக இல்லாமல் முழுநேர ஆசிரியர்களாகவே இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1950ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். இச்சபையினர் 1852ஆம் ஆண்டில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். பினாங்கின் செயின்ட் சேவியர் பள்ளி அந்த ஆண்டு முதலே அவர்கள் பொறுப்பில் வளர்ந்தது. கோலாலம்பூரில் செயின்ட் ஜான் பள்ளி 1904ஆம் ஆண்டில் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்று லா சால் பெயர் தாங்கிய பள்ளிகள் பின்னர் இப்பள்ளத்தாக்கு முழுவதும் பரவின. புனித கபிரியேல் சகோதரர்கள் என்னும் மற்றொரு சபையினர் நடத்தும் ஷா ஆலாம் மொன்ட்போர்ட் சிறுவர் நகரம், வசதியற்ற இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி கொடுத்து வருகிறது.

இரயில்வே ஊழியர், தோட்டத் தொழிலாளி, நகராண்மைக் கழகத் தொழிலாளி ஆகியோர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்தச் சகோதரர்களிடம் படித்து மேலே வந்தனர். இந்துவா, முஸ்லிமா, பௌத்தனா என்று பார்த்து அவர்கள் பாடம் நடத்தவில்லை. இந்த நன்றியை நாம் மறந்துவிடக்கூடாது.

விலகியவர்கள் எங்கே போனார்கள்?

1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடைபெற்றது. துறவற வாழ்வைப் புதுப்பிப்பது பற்றிய அதன் ஆணை 1965 அக்டோபரில் வெளியாயிற்று. அதன் பிறகான பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் பல்லாயிரம் துறவியர் தத்தம் சபைகளிலிருந்து விலகினர். 1960களின் நடுவில் தெ லா சால் சகோதரர்கள் மட்டும் உலகில் 16,000 பேருக்கு மேல் இருந்தனர். இன்று அந்த எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. முதுமையாலும் மரணத்தாலும் குறைந்தோர் ஒருபுறம், விலகியோர் மறுபுறம், புதிதாகச் சேராதோர் இன்னொருபுறம்.

விலகியவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? நம்மிடையேதான் இருந்தார்கள். வேறு பள்ளிகளில் ஆசிரியரானார்கள், அலுவலகங்களில் எழுத்தரானார்கள், திருமணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பள்ளி ஆண்டு மலர்களில் இறுதிவரை துறவியாக இருந்த சகோதரர்களின் படங்கள் உண்டு, அது முறையே. நடுவில் விலகியவர் பெயர், அவர் கற்பித்த ஆண்டுகளோடு சேர்ந்தே காணாமற்போய்விடுகிறது.

விலகுவது அவ்வளவு எளிதா? இல்லை. இறுதி வாக்குறுதி எடுத்த ஒரு சகோதரர் நினைத்த மாத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட முடியாது. காரணங்களை எழுத வேண்டும்; சபைத் தலைவர்கள் அதைப் பரிசீலிக்க வேண்டும்; திருத்தந்தையின் ஆட்சிபீடத்துக்கு உட்பட்ட சபையாயின் விடுதலை உரோமிலிருந்து வரவேண்டும். அந்த ஆணையை அவர் ஏற்றுக்கொண்டபின் வாக்குறுதிகளின் கட்டு நீங்குகிறது. அதன்பின் அவர் தேவாலயத்திலேயே திருமணம் செய்துகொள்ளலாம். எல்லாரையும் போல நற்கருணை பெறலாம். அதாவது, எந்தத் திருச்சபையிடம் வாக்குக் கொடுத்தாரோ, அந்தத் திருச்சபையே அவரை முறைப்படி விடுவிக்கிறது. ஊரார் மட்டும்தான் விடுவிப்பதில்லை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று நடப்பிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 702ஆம் பிரிவு, விலகும் துறவி தாம் சபைக்காகச் செய்த வேலைக்கு எதையும் கோர இயலாது என்கிறது. அதே பிரிவு, விலகுபவரைச் சபை நேர்மையோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. கோர உரிமை இல்லை என்னும் விதி அதற்கு முந்திய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இருந்ததுதான். இருபது ஆண்டு ஊதியம் முழுவதும் பொதுப்பையில் சேர்ந்துவிட்ட ஒருவர், நாற்பதை நெருங்கும் வயதில், வீடின்றி, சேமிப்பின்றி, வாழ்க்கையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். சுகவாழ்வை நாடி ஓடிவந்தார் என்று எளிதில் பேசுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுத் திண்ணை

எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய வாடகை வீட்டின் பின்னறையில் குடியேறினார். எனக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். அன்றைய பிரிக்பீல்ட்ஸ் இன்றைய அடுக்குமாடி நகரம் அன்று. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும், கந்தசாமி கோயிலும், விவேகானந்தா ஆசிரமமும், செபமாலை மாதா தேவாலயமும் நடந்துபோகும் தொலைவில் இருந்த அமைதியான இடம்.

ஒரு தனியார் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பார். கட்டணம் கேட்டதில்லை. ஒரு நாள் என் தாயார் வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை அங்கேயே எல்லாருக்கும் பங்கிட்டுவிட்டு, தமக்கென்று ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார். அதையும் நேரம் கழித்து வந்த ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

பாடம் தொடங்குமுன் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வார். வேண்டுதல் எதுவும் சொல்லித்தரமாட்டார். அமைதியாக இருந்தால் போதும் என்பார். அது அவர் துறவு இல்லத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம் என்று எனக்கு நெடுங்காலம் தெரியாது. நானும் இன்றுவரை என் வகுப்பறையில் அதைச் செய்து வருகிறேன். முப்பது பிள்ளைகள் ஒரு நிமிடம் அடங்கியிருப்பதைப் பார்த்து, "எப்படி ஐயா இது?" என்று பயிற்சி ஆசிரியர்கள் வியப்போடு கேட்டதுண்டு.

அவருக்கு உலக நடப்பு தெரியாது என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். உண்மைதான். சந்தையில் பேரம் பேசத் தெரியாது. சொன்ன விலையைக் கொடுத்துவிடுவார். முதன்முதலில் வங்கிக் கணக்குத் திறந்தபோது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருந்தது. ஊழியர் சேமநிதியில் அவர் பெயரில் பணம் சேரத் தொடங்கியதும் அப்போதுதான். மற்றவர்கள் வீட்டுக் கடனைப் பாதி அடைத்துவிட்ட வயதில், அவர் ஒரு மேசை மின்விசிறி வாங்குவதற்கு மாதக்கணக்கில் சேமித்தார்.

பிறகு தாதியாகப் பணிபுரிந்த ஓர் அம்மையாரை மணந்தார். தேவாலயத்தில், முறைப்படி. சில உறவினர்கள் அத்திருமணத்திற்கு வரவில்லை. சிலர் வந்து, சாப்பிட்டு, வெளியே நின்று பேசினார்கள். அந்தப் பேச்சு முழுவதையும் சிறுவனாகிய நானே கேட்டேன். "சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டான்" என்றார் ஒருவர். அந்த வாசகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஆனால் தெருவில் அவரை எல்லாரும் 'பிரதர்' என்றே அழைத்தார்கள். திருமணத்திற்குப் பிறகும் அப்படித்தான். "பிரதர் வீடு எது?" என்றால் சீனக் கடைக்காரரும் காட்டுவார். அவர் மனைவியைப் 'பிரதர் அம்மா' என்றார்கள். மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, "அப்பாவை ஏன் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டாளாம். அதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாற்பத்தைந்து வயதில் 'அ'

அவர் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே படித்தார். பிறகு பட்டணத்து ஆங்கிலப் பள்ளி. அதன்பின் துறவு இல்லம். அங்கே எல்லாம் ஆங்கிலம். பேச்சுத் தமிழ் அவரிடம் இருந்தது. எழுத்துத் தமிழ் போய்விட்டது.

மகளுக்கு ஏழு வயதானபோது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. நண்பர்கள் தேசியப் பள்ளியைச் சொன்னார்கள். சில மிஷன் பள்ளிகளில் அவருக்கு நல்ல தொடர்பும் இருந்தது. அவரோ மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற ஒருவர் அப்படிச் செய்வது அரிது. அதைவிட அரிதானது, அவர் அடுத்துச் செய்த செயல். அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். ஒரு மாலையில் என்னை அழைத்து, மகளின் ஆண்டு ஒன்று தமிழ்ப் பாடநூலை என் கையில் கொடுத்து, "எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடு, தம்பி" என்றார்.

எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் என் முன்னால் கோட்டு நோட்டுப் புத்தகத்தில் 'அ' எழுதினார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். ணகர, னகர, நகர வேறுபாட்டில் அடிக்கடி தடுமாறுவார். தப்பு என்று சொன்னால் உடனே அழித்துத் திருத்துவார். ஆறு மாதத்தில் நாளிதழ் படித்தார். ஓராண்டில் தேவாலயத்தில் தமிழ் வாசகத்தைத் தடையின்றி வாசித்தார். நான் நிற்கும் ஆசிரியப் பணியின் பெருமையை எனக்கு உணர்த்தியது பயிற்சிக் கல்லூரியைவிட அந்த ஓராண்டுதான்.

இப்போது சொல்லுங்கள், அன்பர்களே. இவர் எதைக் கைவிட்டார்? அங்கியைக் கழற்றினார், உண்மைதான். கற்பிப்பதையும் கற்பதையும் பகிர்ந்து உண்பதையும் அவர் ஒருநாளும் கைவிடவில்லையே!

அனந்தப்பூர் தந்த விடை

இத்தகைய வாழ்வுக்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே உண்டு. தமிழ்நாட்டுக்கு அண்டையிலுள்ள ஆந்திரத்தின் அனந்தப்பூரில் வாழ்ந்து மறைந்த வின்சென்ட் பெரர் அவர். அவர் சகோதரராக அன்றி, இயேசு சபைத் துறவியாகவும் குருவாகவும் இருந்தவர். ஆயினும் அவர் வாழ்வு நம் கேள்விக்கு நேரடியாக விடை தருகிறது.

1920ஆம் ஆண்டு ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தவர். இளமையில் அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் நின்றவர். 1944இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1952இல் மும்பைக்கு வந்தார். மராட்டியத்தின் மன்மாடு பகுதியில் வறட்சியால் வாடிய உழவர்களுக்குக் கிணறு தோண்ட உதவினார். கிணறு வெட்டுவோருக்குக் கோதுமையும் எண்ணெயும் கொடுத்து அவர்களைக் கொண்டே அவர்கள் நிலத்தை வளமாக்கினார். அவர் செல்வாக்கு வளர்ந்ததைப் பொறுக்காதோர் மதமாற்றம் என்று ஐயத்தைக் கிளப்பினர். 1968இல் நாட்டைவிட்டு வெளியேறும் நிலை வந்தது. ஏறக்குறைய 30,000 பேர் மன்மாட்டிலிருந்து மும்பை வரை 250 கிலோமீட்டர் நடந்து அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். இந்திரா காந்தி அம்மையார் தலையிட்ட பின், சிறிதுகாலம் வெளிநாடு சென்று திரும்பிவர வழி பிறந்தது.

1969இல் திரும்பிவந்தவர், மழை மிகக் குறைந்த அனந்தப்பூர் மாவட்டத்தைத் தேர்ந்துகொண்டார். 1970இல் இயேசு சபையிலிருந்து விலகி, மும்பையில் இதழாளராக இருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஆன் பெரி அவர்களை மணந்தார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. மூன்று பிள்ளைகள் பிறந்தனர். கணவனும் மனைவியுமாக ஊரக வளர்ச்சி அறக்கட்டளையைக் கட்டி எழுப்பினர். பள்ளிகள், வீடுகள், பாசனக் குளங்கள், பத்தலப்பள்ளி மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகளுக்கான பணி என்று அது விரிந்தது. 1998இல் ஸ்பெயினின் புகழ்மிக்க அஸ்தூரியாஸ் இளவரசர் விருது அவரை நாடி வந்தது. 2009 ஜூன் 19 அன்று அனந்தப்பூரில் காலமானார். வாழ்ந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் மனைவியும் மகனும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள்.

குருத்துவத்தை விட்டு வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆனபிறகும் அந்த மக்கள் அவரை 'ஃபாதர்' என்றுதான் அழைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் தெரு மக்களும் அனந்தப்பூர் உழவர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் இருசாராரும் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். அங்கி போனாலும் அவர் செய்த பணி போகவில்லை. அதனால் அழைக்கும் பெயரையும் அவர்கள் மாற்றவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பெரருக்கு விருது கிடைத்தது; மருத்துவமனை நின்றது; ஆகவே அவர் விலகியதை உலகம் பொறுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பிரதருக்கு விருதும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. திண்ணைப் பள்ளியும் இரண்டு பிள்ளைகளும்தாம். பெரிய சாதனை செய்தால்தான் மன்னிப்பு என்றால் அது என்ன நீதி? எளிய குடும்ப வாழ்வை நேர்மையோடு நடத்திக் காட்டியது போதாதா?

வள்ளுவரிடம் கேட்போம்

தமிழாசிரியன் என்ற முறையில் குறளைத் தொடாமல் என்னால் எழுத முடியாது. அறத்துப்பாலில் இல்லறவியலுக்கு 20 அதிகாரங்கள், துறவறவியலுக்கு 13. இல்லறம் முன்னே நிற்கிறது. துறந்தாருக்கும் துணையாக நிற்பவன் இல்வாழ்வான் என்பது வள்ளுவர் கருத்து. துறவை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. 'நீத்தார் பெருமை'யை நூலின் மூன்றாம் அதிகாரமாகவே வைத்தார்.

துறவறவியலில் 'கூடாஒழுக்கம்' என்றோர் அதிகாரம் உண்டு, 28ஆவது. துறவுக் கோலத்தில் இருந்துகொண்டே மறைவில் வேறு வாழ்வு நடத்துவோரை வள்ளுவர் அதில் கடுமையாகச் சாடுகிறார். ஆனால், தம்மால் இயலவில்லை என்று உணர்ந்து, வெளிப்படையாகக் கேட்டு, விடைபெற்று, இல்லறத்திற்குத் திரும்பியவரைச் சாடும் அதிகாரம் எதையும் நான் காணவில்லை. அடுத்து வரும் அதிகாரங்களுள் ஒன்று 'வாய்மை'. கோலத்தைக் காப்பாற்ற உண்மையைக் கொல்வதா, உண்மையைக் காப்பாற்றக் கோலத்தைக் களைவதா? இரண்டாவதைச் செய்தவர்களைத்தான் நாம் இகழ்ந்து வந்திருக்கிறோம்.

நம் சமூகத்தின் அளவுகோலும் விந்தையானது. மனைவி மக்களை விட்டுத் துறவு பூண்டவரை ஞானி என்று போற்றுகிறோம். துறவை விட்டு மனைவி மக்களைப் பேணியவரை வழுவியவர் என்கிறோம். முன்னவர் வீட்டில் அழுதவர்களைப் பற்றி நாம் கேட்பதே இல்லை.

மறுப்புகளுக்கு ஒரு சொல்

இதை வாசிக்கும் கத்தோலிக்க அன்பர் ஒருவர் கேட்கக்கூடும்: "வாக்குறுதி வாக்குறுதிதானே? இறுதிவரை நின்றவர்களை நீர் குறைத்துப் பேசுகிறீரா?"

இல்லை. இறுதிவரை நின்றவர்களின் அருமை எனக்குத் தெரியும். தனிநாயகம் அடிகளார் இறுதிவரை குருவாக வாழ்ந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை வளர்த்து, 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே நடத்தியவர். குடும்பச் சுமை இருந்திருந்தால் அத்தனை நாடுகளுக்கு அலைந்து தமிழ்ப்பணி ஆற்றியிருக்க முடியுமா என்பது ஐயமே. அத்தகைய வாழ்வு தேவை. அதற்குத் தலைவணங்குகிறேன்.

வாக்குறுதி எளிதாக முறிக்கத்தக்கது என்றும் நான் சொல்லவில்லை. பிரதரே அப்படி நினைத்ததில்லை. ஒருமுறை, "வருத்தமாக இருக்கிறதா, சார்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் தம் பழைய சகோதரர்களில் எவரேனும் மறைந்தால் அடக்கத்திற்குப் போய்ப் பின்வரிசையில் அமர்ந்துவிட்டு வருவார். மனைவியும் உடன் செல்வார். அவருக்கே வெட்கமில்லாத ஒன்றுக்கு, அவர் இறந்தபின் நாம் வெட்கப்பட்டோம். அந்த மூன்று வரிகளை நீக்கியதன் பொருள் அதுதானே?

நாம் செய்ய வேண்டியது

அடக்கம் முடிந்த பின்னர், முதிய சீனர் ஒருவர் தடி ஊன்றி வந்து அவர் மகளின் கையைப் பற்றிக்கொண்டார். தாம் வேறு மாநிலத்தில் அவரிடம் படித்தவர் என்றும், கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நின்றபோது அவரே வீடு தேடிவந்து அழைத்துச் சென்றார் என்றும் சொன்னார். "உங்கள் அப்பா அங்கியோடு சைக்கிளில் வந்தார்" என்றார். மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அப்பா அங்கியோடு சைக்கிள் ஓட்டிய ஒரு காலம் இருந்தது என்று. அவர் அழுதார். தந்தையின் வாழ்வில் இருபது ஆண்டுகளை, ஒரு முன்பின் அறியாதவர் வாயிலாக, அவர் மறைந்த பிறகு ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆகவே, எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இப்படிப்பட்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். எண்பதைத் தொட்டவர்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். எழுதி வைக்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், கேளாததால்தான் பலர் சொல்வதில்லை.

இரண்டாவது, பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் நினைவு மலர் வெளியிடும்போது, விலகிய சகோதரர்களின் பெயரையும் அவர்கள் கற்பித்த ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும். அவர்கள் வகுப்பில் நின்று நடத்திய பாடம் நடத்திய பாடந்தான். பின்னாளில் அவர்கள் மணமுடித்ததால் அந்தப் பாடம் பொய்யாகிவிடாது.

மூன்றாவது, துயர வீட்டில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித்தரும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. நாம் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பாடமாக நடத்துகிறோம். ஒருவருடைய வாழ்வை எழுதும்போது முழுமையாக எழுதுவோம். யாரையும் புண்படுத்தாத உண்மை ஒன்றை நீக்கச் சொன்னால், பணிவோடு ஒருமுறையாவது மறுத்துச் சொல்வோம். நான் அதைச் செய்யத் தவறினேன்.

அந்த மடிப்பேட்டின் கையெழுத்துப்படி இன்னும் என்னிடம் இருக்கிறது. நீக்கப்பட்ட மூன்று வரிகளும் அதில் உள்ளன. சென்ற மாதம் அவர் மகள் வீட்டிற்குப் போயிருந்தபோது அதை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, தந்தையின் பழைய தமிழ்ப் பயிற்சி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த நினைவு நாளில் அதை முழுமையாக வாசிக்கலாம் என்று அண்ணனிடம் பேசப் போவதாகச் சொன்னார்.

அந்த நாளில் நானும் போவேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்